பிணம் தூக்கியவர்கள் இல்லாத காதல் கதைகள்

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கென்றே எழுதி விற்கப்படும் ஒரு தினுசு நாவல் உண்டு. பதினாறு வயசுப் பெண் ஒருத்தி. அவளைச் சுற்றி இரண்டு ஆண்கள். ஒருத்தன் வீட்டில் பார்த்து வைத்த பணக்காரன். இன்னொருத்தன் மனசுக்குப் பிடித்தவன். யாரைக் கட்டுவது என்று அவள் தவித்துக் கிடக்கும்போது கப்பல் மூழ்கும். இல்லாவிட்டால் பூமி அதிரும், அணை உடையும், ஊர் பற்றி எரியும். காதல்தான் கற்பனை, அழிவு நிஜம். வருஷம், தேதி எல்லாம் சரித்திரப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும். புகை அடங்கும்போது வேண்டாதவன் செத்திருப்பான், அல்லது கோழை என்று அம்பலப்பட்டிருப்பான். வேண்டியவன் கரி படிந்த முகத்தோடு வந்து கட்டிக்கொள்வான். முடிஞ்சுது கதை.

ஆயிரக்கணக்கான பேரைக் கொன்ற அழிவு இந்த நாவல்களில் பார்க்கிற வேலை கல்யாணத் தரகர் வேலை.

1980களில் ஸ்கோலாஸ்டிக் நிறுவனம் 'சன்ஃபயர்' என்ற பெயரில் இப்படி ஒரு வரிசையையே போட்டது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பெண்ணின் பெயர்தான் தலைப்பு. சரித்திரத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெண், அவளுக்கு இரண்டு ஆண்கள் என்பது வாய்ப்பாடு. டைட்டானிக் கப்பலும், 1906 சான்பிரான்சிஸ்கோ பூகம்பமும் அந்த வரிசையில் இடம் பிடித்தன. 1997இல் ஜேம்ஸ் கேமரூன் அதே வாய்ப்பாட்டைக் கோடிக்கணக்கான டாலர் போட்டு எடுத்தபோது உலகமே அழுதது. நம்ம ஊர்த் தியேட்டர்களிலும் அழுதார்கள்.

ஒரு தலித் பத்திரிகையில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். வெள்ளைக்காரப் பொம்பளப் பிள்ளைங்க பொழுதுபோக்குக்குப் படிக்கிறது, நமக்கென்ன வந்தது? வந்திருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் நம் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பழைய புத்தகக் கடையிலும் பள்ளி நூலகத்திலும் எடுத்துப் படிப்பது இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான். பாடப் புத்தகம் சொல்லித்தராத சரித்திரத்தைக் காதல் கதை சொல்லித்தருகிறது. மனசு இளகியிருக்கும் நேரத்தில் படித்த சரித்திரம் லேசில் அழியாது. அந்தச் சரித்திரம் அவர்களுக்குச் சொல்லும் சேதி ஒன்றே ஒன்று: அழிவு வந்தால் எல்லோரும் சமம். ஏழை, பணக்காரன், கறுப்பன், வெள்ளையன் என்கிற கோடெல்லாம் தண்ணீரில் கரைந்து போகும், நெருப்பில் எரிந்து போகும், மிச்சமிருப்பது மனுஷனும் காதலும்தான்.

இது பொய். அழகான பொய் என்பதால் இன்னும் ஆபத்தான பொய்.

*

டைட்டானிக்கையே எடுத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 14 இரவு பனிப்பாறையில் மோதி 15ஆம் தேதி விடிவதற்குள் மூழ்கியது. சுமார் 1500 பேர் செத்தார்கள். பிரிட்டிஷ் விசாரணைக் கமிஷனின் கணக்கைப் பாருங்கள். முதல் வகுப்புப் பெண்கள் 144 பேர், பிழைத்தது 140. மூன்றாம் வகுப்புப் பெண்கள் 165 பேர், பிழைத்தது 76. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேர், பிழைத்தது 27. முதல் வகுப்புக் குழந்தைகளில் செத்தது ஒன்றே ஒன்று. 'பெண்களும் குழந்தைகளும் முதலில்' என்ற புகழ்பெற்ற தர்மம் எந்த மாடி வரைக்கும் செல்லுபடியானது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. பேரேடு பார்த்துப் பிழைக்கிறவன் நான். கூட்டல் கழித்தல் பொய் சொல்லாது.

கீழ்த்தட்டுக்காரர்கள் மேலே வராதபடி போட்டிருந்த தடுப்புகள் ஏதோ ஒரு கொடுங்கோல் மாலுமியின் வேலையில்லை. குடியேறிகளால் நோய் பரவும் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அவர்களைத் தனியாகப் பிரித்து வைக்கச் சொன்னது. தீட்டு என்பதற்கு அவர்கள் ஊரில் வைத்த பெயர் சுகாதாரம். சும்மா சொல்லக்கூடாது, கேமரூன் படத்தில் அந்தக் கம்பிக் கதவைக் காட்டுகிறார்கள். ஆனால் கதை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. கீழ்த்தட்டுப் பையன் செத்தால்தான் காதல் காவியமாகும். அவன் பிழைத்து, நியூயார்க்கில் இறங்கி, கூலி வேலைக்குப் போய், அவளும் அவனும் வாடகை வீட்டில் சண்டை போட்டிருந்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? மேல்தட்டுப் பெண்ணின் விடுதலைக்குக் கீழ்த்தட்டு ஆண் உரமாகிறான். அவள் நூறு வயசு வாழ்கிறாள். அவன் ஒரு நினைவு.

செத்த பிறகாவது சமமானார்களா? பிணங்களைத் தேட ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மக்கே-பென்னட் என்ற கப்பல் போனது. 306 பிணங்களை எடுத்தார்கள். முதல் வகுப்புப் பிணங்களுக்குத் தைலமிட்டுச் சவப்பெட்டி. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிணங்களுக்குக் கித்தான் துணி. கப்பல் தொழிலாளிகளின் பிணங்கள் ஐஸ் கிடங்கில். 116 பேரைத் திரும்பவும் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். கையில் டிக்கெட் இல்லாத பிணத்தின் வகுப்பை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? போட்டிருந்த உடுப்பை வைத்துத்தான். கப்பல் மூழ்கும்வரை வாசித்தார்களே வாத்தியக்காரர்கள், அவர்களைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். அவர்களில் ஒரு வாலிபனின் அப்பாவுக்கு, மகன் செத்த அதே மாதக் கடைசியில், யூனிஃபார்ம் பாக்கியைக் கட்டச் சொல்லி ஏஜெண்ட் கடிதம் போட்டான். இது எந்தக் காதல் நாவலில் வரும்?

அதே கப்பலில் நிஜமாகவே ஒரு காதல் கதை இருந்தது. ஜோசப் லரோஷ், ஹெய்ட்டி நாட்டுக் கறுப்பர், பிரான்சில் படித்த இன்ஜினியர். மனைவி ஜூலியட் வெள்ளைக்காரி. நிறத்தைக் காரணம் காட்டி அவருக்குப் படிப்புக்கேற்ற வேலையும் சம்பளமும் கிடைக்கவில்லை. சரி, சொந்த நாட்டுக்கே போவோம் என்று கர்ப்பமாயிருந்த மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இரண்டாம் வகுப்பில் ஏறினார். மனைவியும் குழந்தைகளும் பிழைத்தார்கள். அவர் செத்தார். அந்த வருஷம் டிசம்பரில் பிறந்த மகனுக்கு அப்பாவின் பெயரையே வைத்தார்கள். கடல், காதல், பிரிவு எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் கேமரூனின் மூன்று மணி நேரப் படத்தில் இவர்களுக்கு ஒரு நிமிஷம் இல்லை. அந்தக் கப்பலில் எட்டுச் சீனர்களும் இருந்தார்கள். ஆறு பேர் பிழைத்தார்கள். நியூயார்க் வந்து சேர்ந்ததும் மற்றவர்களுக்குக் கம்பளியும் சூப்பும் கிடைத்தது. சீனர் விலக்குச் சட்டம் இருந்ததால் இந்த ஆறு பேரையும் ஒரு நாளைக்குள் வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கடல் தப்பவிட்டவர்களைக் கரை தள்ளிவிட்டது.

*

காதல் எல்லாத் தடைகளையும் உடைக்கும், அழிவு அதற்கு வழி திறந்துவிடும் என்பது இந்த நாவல்களின் வேதம். 1906 ஏப்ரல் 18 விடியற்காலை 5.12க்கு சான்பிரான்சிஸ்கோ அதிர்ந்தது. மூன்று நாள் எரிந்தது. பூகம்பக் காதல் கதைகளுக்கு இது ரொம்பப் பிடித்த இடம். பணக்கார வீட்டுப் பெண்ணும் மீனவப் பையனும் இடிபாட்டில் கை கோர்ப்பார்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 1905இல், கலிஃபோர்னியா அரசாங்கம் ஒரு வேலை செய்திருந்தது. வெள்ளையருக்கும் 'மங்கோலியர்' என்று அவர்கள் சொல்கிறவர்களுக்கும் நடக்கும் கல்யாணம் செல்லாது என்று சிவில் சட்டத்தில் எழுதி வைத்தது. கறுப்பர்களோடு கல்யாணம் அதற்கு முன்பே செல்லாது. இந்தச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது 1948இல். ஆக, பூமி பிளந்து, நகர மண்டபம் இடிந்து, 28,000 கட்டடங்கள் போன பிறகும் அந்தச் சட்டம் மட்டும் 42 வருஷம் கீறல் விழாமல் நின்றது. எந்தக் கோடு கரைந்தது சொல்லுங்கள்?

செத்தவர்களை எண்ணிய லட்சணம் தனிக் கதை. அரசாங்கம் முதலில் சொன்னது சில நூறு பேர். பிறகு ஆராய்ந்தவர்கள் 3000க்குக் குறையாது என்கிறார்கள். சீனர் பேட்டையில் செத்தவர்களை ஒழுங்காக எண்ணவேயில்லை. எரிந்த பேட்டையின் சாம்பல் ஆறும் முன்னே, இதுதான் சமயமென்று சீனர்களை ஊருக்கு வெளியே ஹன்டர்ஸ் பாயின்ட் பக்கம் தள்ளிவிட நகரப் பெரிய மனுஷர்கள் திட்டம் போட்டார்கள். ஊருக்குள் நல்ல நிலம், அதில் இவனுங்க எதுக்கு? சேரியை இடம் மாற்றுகிற இந்தப் பேச்சு நமக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரியும். சீனர்கள் விடவில்லை. எங்க தூதரகத்தை அதே இடத்தில்தான் கட்டுவோம் என்று சீன அரசும் சொன்னது. பேட்டை அங்கேயே திரும்ப எழுந்தது. இன்னொன்றும் நடந்தது. நகர மண்டபத்தோடு பிறப்புப் பதிவேடுகளும் எரிந்தன. நான் இங்கேதான் பிறந்தேன் என்று சீனர்கள் சொன்னால் இல்லையென்று நிரூபிக்க அதிகாரியிடம் காகிதம் இல்லை. விலக்குச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவி, 'காகித மகன்கள்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்தார்கள். அழிவு அவர்களுக்கு ஒரு சந்து விட்டது உண்மை. அதில் நுழைந்தது அவர்களுடைய தந்திரம், அவர்களுடைய கலகம். இடிபாட்டில் முத்தமிட்டவர்கள் தந்த பரிசு அல்ல.

*

இந்த நாவல்களில் அழிவு எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து. விதியிலிருந்து. கதாநாயகிக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லாமல் இருக்கும், சாயங்காலம் அணை உடையும்.

1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் நகரத்தை அடித்துப்போன வெள்ளம் வானத்திலிருந்து வரவில்லை. மேலே மலையில் இருந்த சவுத் ஃபோர்க் அணையிலிருந்து வந்தது. அந்த அணை பிட்ஸ்பர்க் முதலாளிகளின் மீன்பிடி கிளப்புக்குச் சொந்தம். கார்னெகி, ஃப்ரிக் எல்லாம் உறுப்பினர்கள். அணையின் உச்சியைத் தணித்து வண்டிப்பாதை ஆக்கினார்கள். மீன் தப்பிக்காமலிருக்கத் தண்ணீர் போகும் வழியில் கம்பி வலை கட்டினார்கள். கீழே இரும்பாலைத் தொழிலாளிகளின் ஊர். 2209 பேர் செத்தார்கள். அதில் 700 பேருக்கு மேல் யார் என்றே தெரியாமல் புதைக்கப்பட்டார்கள். கிளப் மேல் போட்ட வழக்கு ஒன்றும் ஜெயிக்கவில்லை. கடவுள் செயல் என்றார்கள். முதலாளிக்கு ஒரு கஷ்டம் என்றால் கோர்ட்டுக்கே வந்து பழியை ஏற்றுக்கொள்ளும் கடவுள்!

1911 மார்ச் 25, நியூயார்க் ட்ரையாங்கிள் சட்டைக் கம்பெனித் தீ. செத்தது 146 பேர். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். இளையவர்களுக்கு வயசு 14. இந்த நாவல்களைப் படிக்கிற அதே வயசு. ஒன்பதாவது மாடிக் கதவு பூட்டியிருந்தது. திருட்டுப் போகும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். முதலாளிகள் மொட்டைமாடி வழியாகத் தப்பினார்கள். டிசம்பரில் விடுதலையும் ஆனார்கள். இன்சூரன்ஸ் பணம் வந்ததில், ஆன நஷ்டம் போகச் செத்த தலைக்குச் சுமார் 400 டாலர் அவர்களுக்கு மிச்சம். 1914இல் வழக்கு முடிந்தபோது செத்தவர் குடும்பத்துக்குக் கொடுத்தது தலைக்கு 75 டாலர். அதாவது ஒரு பெண் எரிந்ததில் முதலாளிக்கு 325 டாலர் லாபம். இடையில் 1913இல் திரும்பவும் கதவைப் பூட்டிப் பிடிபட்டான் அவர்களில் ஒருத்தன். அபராதம் 20 டாலர்.

இதே தீயை வைத்துப் பிள்ளைகளுக்கு நேர்மையாகவும் எழுத முடிந்திருக்கிறது. மேரி ஜேன் ஆக் 2002இல் ஒன்று, மார்கரெட் பீட்டர்சன் ஹாடிக்ஸ் 2007இல் ஒன்று எழுதினார்கள். கூலி, 1909 வேலைநிறுத்தம், பூட்டிய கதவு எல்லாம் அவற்றில் வருகின்றன. ஆக, சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியாது என்கிற சால்ஜாப்பு செல்லாது.

*

இப்போது நான் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் காதலர்கள் கட்டிக்கொண்டு நிற்கும்போது அவர்களைச் சுற்றிக் கிடந்த பிணங்களை யார் தூக்கியது?

எந்த அழிவைப் பற்றிய எந்தக் கதையைப் படித்தாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். வேறு யாருக்கும் இது தோன்றாது. நமக்குத் தோன்றாமல் இருக்காது.

1900 செப்டம்பர் 8, டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டன் புயல். குறைந்தது 6000 பேர் செத்தார்கள். கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில் பிடித்து வந்து, விஸ்கியை ஊற்றிக் கொடுத்து, பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் கொண்டு போடச் சொன்னார்கள். கடல் அந்தப் பிணங்களைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் போட்டது. மறுபடியும் தூக்கினார்கள்.

1928 செப்டம்பர் 16, ஃப்ளோரிடா. புயலில் ஓகீச்சோபி ஏரியின் மண்கரை உடைந்தது. செத்தவர்கள் 1836 என்று ரொம்ப நாள் சொல்லிவந்த அரசாங்கம் 2003இல் குறைந்தது 2500 என்று திருத்திக்கொண்டது. முக்கால்வாசிப் பேர் வயல் வேலைக்கு வந்த கறுப்பினக் கூலிகள். இங்கேயும் பிணம் எடுக்கக் கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில்தான் பிடித்தார்கள். ஒருத்தரைச் சுட்டே கொன்றார்கள். வெஸ்ட் பாம் பீச் நகரத்தில் வெள்ளையர் பிணம் 69க்குச் சவப்பெட்டி வைத்து உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கறுப்பர் பிணம் 674ஐ டாமரிண்ட் அவென்யூ ஓரம் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். கல் இல்லை, பலகை இல்லை. அந்த இடத்தில் அரசாங்கப் பலகை வைத்தது 2003இல். 75 வருஷம்!

நாகப்பட்டினத்துக்கு வருகிறேன். கடல் தாண்டி இழுத்துக்கொண்டு வரவில்லை, கேள்வியே அங்கே கொண்டுபோகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உப்பி நாறிய பிணங்களை எடுத்தது யார்? வேறு வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றி வந்த துப்புரவுத் தொழிலாளர்கள். நம் ஜனங்கள். பலருக்குக் கையுறையும் கிடையாது, காலுக்குப் பூட்சும் கிடையாது. அந்த நேரத்தில் நிவாரண முகாமில் தலித்துகளுக்குத் தனி இடம், தண்ணீர் பிடிப்பதில் தகராறு என்பதெல்லாம் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. கடல் பிரித்துப் பார்க்காமல்தான் அடித்தது. கரையில் இருந்தவர்கள் பிரித்தார்கள்.

*

1928 புயலை வைத்து ஒரு காதல் நாவல் இருக்கிறது. டீன்ஏஜ் பிள்ளைகளுக்கென்று எழுதியது அல்ல. ஆனால் இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக இருப்பது. ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்பினப் பெண் 1937இல் எழுதிய 'தேர் ஐஸ் வேர் வாச்சிங் காட்'. ஜேனி என்ற பெண், மூன்றாவதாகத் தனக்குப் பிடித்த டீ கேக் என்பவனோடு வாழப்போகிறாள். இரண்டு பேரும் ஏரிக்கரை வயலில் கூலி வேலை செய்கிறார்கள். புயல் வருகிறது, கரை உடைகிறது, தப்பிக்கிறார்கள். மற்ற நாவல்கள் இங்கே முடிந்துவிடும். ஹர்ஸ்டன் முடிக்கவில்லை. அடுத்த நாள் துப்பாக்கியோடு வரும் வெள்ளையர்கள் டீ கேக்கைப் பிணக்குழி வெட்ட இழுத்துப் போகிறார்கள். வெள்ளைப் பிணத்துக்குப் பெட்டி, கறுப்புப் பிணத்துக்குச் சுண்ணாம்பு. நாள் கணக்கில் ஊறிய பிணத்தில் எது என்ன நிறம் என்று முடியைப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. காதலன் கையில் பிணக்குழி மண்வெட்டியைக் கொடுத்து எழுதிய காதல் கதை அது.

நம் இயக்கத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அந்த நாவல் வந்த வருஷமே ரிச்சர்ட் ரைட் அதை ஒதுக்கித் தள்ளினார். பெரிய எழுத்தாளர், கறுப்பினப் போராளி. அவருக்கு அதில் அரசியல் தெரியவில்லை. வெறும் காதல் சமாச்சாரம், வெள்ளையரைக் குஷிப்படுத்துகிற எழுத்து என்று நினைத்தார். பிணக்குழி அதில் இருந்தது. அவர் கண்ணில் படவில்லை. புத்தகம் வருஷக்கணக்கில் அச்சில் இல்லாமல் கிடந்தது. ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் செத்தார். கல்லில்லாத குழியில் கிடந்தவருக்கு 1973இல் ஆலிஸ் வாக்கர் தேடிப்போய்க் கல் நட்டார். பெண் எழுதினால், அதிலும் காதலை எழுதினால், அது அரசியல் அல்ல என்று சொல்லும் ரைட்கள் நம் கூட்டங்களிலும் மேடைக்கு ஒருத்தராவது உண்டு.

இன்னொரு நாவல், இது டீன்ஏஜ் பிள்ளைகளுக்கென்றே எழுதியது. ஆஷ்லி ஹோப் பெரேஸ் 2015இல் எழுதிய 'அவுட் ஆஃப் டார்க்னஸ்'. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளிக்கூடம் காஸ் கசிந்து வெடித்தது. 300 பேரளவில் செத்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். எண்ணெய்ப் பணத்தில் கொழித்த ஊர். மாதம் 300 டாலர் காஸ் பில்லை மிச்சம் பிடிக்க, எண்ணெய்க் கிணற்றுக் கழிவுக் காஸ் குழாயில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அதற்கு வாசனை கிடையாது. கசிந்தது யாருக்கும் தெரியவில்லை. இன்று காஸில் நாற்றம் சேர்க்கிறார்களே, அந்தச் சட்டம் வந்தது இதற்குப் பிறகுதான். அது வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளி. கறுப்புப் பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. நாவலில் ஒரு மெக்சிக இனப் பெண்ணும் ஒரு கறுப்பினப் பையனும் காதலிக்கிறார்கள். வெடிப்பு அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊருக்குப் பழி சொல்ல ஒரு ஆள் வேண்டும். கறுப்புப் பையன் கையருகே இருக்கிறான்.

இந்தப் புத்தகத்துக்கு 2016இல் பிரின்ட்ஸ் கௌரவம் கிடைத்தது. 2021இல் நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த புத்தகங்களின் பட்டியலை அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்டபோது அதில் நாலாவது இடம். ஆபாசம் என்று காரணம் சொன்னார்கள். முத்தத்தோடு முடிகிற பூகம்பக் கதை பள்ளி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அழிவுக்குப் பிறகு வெள்ளை ஊர் என்ன செய்தது என்று சொல்கிற கதை வெளியே போகிறது. பிள்ளைகளின் மனசு கெட்டுவிடுமாம். கெடட்டும் என்கிறேன்.

நமக்கு அந்தக் கதை அந்நியமில்லை. 2012 நவம்பர் 7, தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு தலித் பையனும் சாதி இந்துப் பெண்ணும் கல்யாணம் செய்ததைக் காரணம் காட்டி 250க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் அந்தப் பையன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான். அவர்கள் நாவலில் அழிவு வந்து காதலைச் சேர்த்து வைக்கிறது. நம் ஊரில் காதல் வந்தால் பின்னாலேயே அழிவு வருகிறது. பூகம்பத்தைப் போலத் தானாக வருவதில்லை. பெட்ரோல் கேனோடு, லிஸ்ட் போட்டு, ஆள் கூட்டி வருகிறது.

*

அப்படியானால் காதல் கதையே வேண்டாமா? நான் அதைச் சொல்லவில்லை. நான் கவிதை எழுதுகிறவன், காதலை விட்டுக்கொடுக்க முடியாது. சாதி ஒழிய நிஜமான மருந்து கலப்பு மணம்தான் என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதி வைத்தார். அதனால்தான் சாதிக்காரனுக்கு ஊர்வலத்தைவிட, மாநாட்டைவிடக் காதல் மேல் பயம் அதிகம். காதல் நம்முடைய அரசியல். அதை ஸ்கோலாஸ்டிக் கம்பெனிக்கும் கேமரூனுக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

பதினாலு வயசுப் பிள்ளைக்குப் பிணக்குழியைக் காட்டணுமா, கொஞ்சம் சந்தோஷமாப் படிக்கட்டுமே என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரையாங்கிளில் ஜன்னல் வழியே குதித்த பிள்ளைக்கும் பதினாலு வயசுதான். நத்தம் காலனியில் எரிந்த சர்டிபிகேட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். யாருடைய பதினாலு வயசைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பிள்ளைகள் கையிலிருந்து எந்தப் புத்தகத்தையும் பிடுங்க வேண்டாம். பிடுங்குகிற வேலையை அவர்கள் செய்கிறார்கள், நாம் செய்ய வேண்டியதில்லை. டைட்டானிக்கைப் படிக்கட்டும், பார்க்கட்டும், அழட்டும். அதோடு மூன்றாம் வகுப்புக் கணக்கையும் லரோஷையும் அந்த ஆறு சீனர்களையும் சொல்லுங்கள். நம் படிப்பு வட்டங்களில், இரவுப் பள்ளிகளில், ஹாஸ்டல் அறைகளில் ஒரு கதையைப் படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். கதவைப் பூட்டியது யார்? செத்தவர்களை எண்ணியது யார்? பிணத்தைத் தூக்கியது யார்?

எழுதவும் வேண்டும். சுனாமிக்கு லாரியில் போய்த் திரும்பியவர்கள் இன்னும் நம் நடுவில் இருக்கிறார்கள். கைநாற்றம் போகாமல் எத்தனை நாள் சோறு இறங்கவில்லை என்று கேட்டால் சொல்வார்கள். அவர்களிலும் இருபது வயசுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஊரில் காத்துக்கொண்டிருந்த ஒருத்தி இருந்திருப்பாள். நாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்தவனை அவள் எப்படித் தொட்டாள் என்று எழுதுகிற காதல் கதை எங்கே? கல்லூரியில் படிக்கும் தங்கைகளே, தம்பிகளே, உங்களைத்தான் கேட்கிறேன்.